பாபிலோன் ராஜாவின் செங்கல்

எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த பைபிளம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது திகில்தான். பிரியம் அதற்குப் பிறகுதான் வரும். இத்தனைக்கும் ஆள் ஒல்லி. வெள்ளைப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, கறுப்புக் குடை, தோளில் ஒரு காடாத்துணிப் பை. மீன்கூடைக்காரி ஒருத்தி வேகமாகக் கடந்து போனால் அந்தக் காற்றுக்கே ஒதுங்கிக்கொள்கிற உடம்பு. கவர்னரின் மோட்டார் தெருவில் போகும்போது எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நிற்க, அந்த உடம்புக்குள்ளிருந்து "எண்ணியாச்சு" என்று ஒரு வார்த்தை வரும். பக்கத்தில் நிற்கிறவர்கள் இரண்டடி தள்ளிக்கொள்வார்கள்.

அவர் பெயரை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ராயபுரம் ரயிலடிக்குப் பின்னால் கடல் பக்கமாக இறங்குகிற தெருக்களில் பைபிளம்மா என்றால் போதும். வெளியே வராத பெண்களுக்கு வீடு தேடிப் போய் வேதம் வாசித்துக் காட்டுவது சபை அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அந்நாளில் அதற்கென்றே பெண்களை வைத்திருந்தார்கள். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்க்க மாட்டார். கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து, பாயைத் தானே விரித்து உட்கார்ந்துகொள்வார். எங்கள் வீட்டில் முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் வாசித்தார். முருகன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிளார்க். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவார். கைக்குழந்தையோடு நாள் பூராவும் நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யார் வந்து எதை வாசித்தாலும் தேவலை என்றிருந்தது.

காணாமல் போன ஆடு, குஷ்டரோகி சொஸ்தமானது என்று இரக்கமான கதைகளில் ஆரம்பியுங்கள் என்று சபையின் ஐயர் அவரிடம் சொல்லியிருந்தாராம்; பாதிரியாரைத்தான் அவர்கள் ஐயர் என்பார்கள். பைபிளம்மா தலையை ஆட்டிவிட்டு வந்து, எந்த வீடானாலும் தானியேல் தீர்க்கதரிசியைத்தான் திறப்பார். அதில் ஆடு கிடையாது. ராஜாக்கள்தான், ஒருவர் பின் ஒருவராக விழுகிற ராஜாக்கள். தங்கத்தில் தலையும் வெள்ளியில் மார்பும் வைத்துச் செய்த பெரிய சிலை ஒன்று, மலையிலிருந்து உருண்டு வந்த ஒரு கல் பட்டுத் தூளாகிப் போகிற கனவை அவர் வாசித்தபோது, என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வாசிக்கும்போது சுத்தமான வேதத் தமிழ். புத்தகத்தை மூடிவிட்டு விளக்கம் சொல்லும்போது அசல் ராயபுரம்.

"அவ்ளோ பெரிய ராஜா, தங்கச்சி. மாடி மேல நின்னுகினு, இந்த ஊரு பூரா நான் கட்னது, என் பலத்தால கட்னதுன்னு பேசிகினு இருந்தான். வாய மூடல அவன், அதுக்குள்ள புத்தி பூட்ச்சு. மாடு மாதிரி புல்லு துன்னுகினு, பனியில நனைஞ்சிகினு கெடந்தான். யாரு நெசமான ராஜான்னு அவனுக்கு வெளங்குற வரிக்கும் அப்டியே கெடந்தான்."

அன்றைக்குக் கஞ்சித் தண்ணிக்காக எங்கள் வாசலில் வந்து நின்ற மாட்டை நான் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

"எண்ணியாச்சு" என்ற வார்த்தையும் அதே பாபிலோன் கதையில் வருவதுதான். பின்னால் வந்த ஒரு ராஜா விருந்து வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான். ஆளில்லாமல் ஒரு கை மட்டும் வந்து சுவரில் எழுதுகிறது. உன் ராஜ்யத்தின் நாட்களைக் கடவுள் எண்ணி முடித்துவிட்டார் என்று அதற்குப் பொருள். பைபிளம்மா அந்தக் கையிடமிருந்து வார்த்தையைக் கடன் வாங்கி ஊர் முழுக்கச் செலவழித்தார். அதட்டுகிற சானிட்டரி இன்ஸ்பெக்டர் போனால் எண்ணியாச்சு. ரயில்வே மேஸ்திரி மீசையை முறுக்கினால் எண்ணியாச்சு. எங்கள் வீட்டுக் கருவாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பூனைக்கும் எண்ணியாச்சு. என் மாமியாரைப் பற்றியும் ஒரு தரம் சொன்னார். அன்றைக்கு மட்டும் எனக்குக் குளிர்ச்சியாக இருந்தது, பொய் சொல்வானேன்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அது அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும். வாசித்து முடித்ததும் பையிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுவரில் "தா 4" என்றோ "தா 5" என்றோ எழுதிவிட்டுப் போவார். அந்த வீட்டில் தானியேல் எத்தனையாம் அதிகாரம் வரை ஆயிற்று என்று அடுத்த தரம் வரும்போது தெரிய வேண்டுமே, அதற்கு. அத்தனை வீட்டையும் மனசில் வைத்துக்கொள்ள முடியாது என்பார். துறைமுகத்து ஓரமாக இருந்த எண்ணெய்க் கிடங்கின் காவல்காரர் மனைவிக்கும் போய் வாசித்தார். அங்கே கிடங்கின் மதில்தான் அவர்கள் வீட்டுச் சுவர். அதிலும் எழுதியிருந்தார்.

சண்டை தொடங்கிய வருஷம், ஜெர்மன்காரன் கப்பல் வந்து குண்டு போட்டது அந்தக் கிடங்கின் மேல்தான்.

மறுநாள் காலை ராயபுரத்தைப் பார்த்திருக்க வேண்டும். வானம் பாதி கறுப்பு. எண்ணெய் எரிகிற நாற்றம் சோற்றில் ஏறியது. பாத்திரம், படுக்கை, ஆட்டுக்குட்டி, அம்மிக்கல் என்று அகப்பட்டதை வண்டியில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரத் துரைமார்களே பெட்டியைக் கட்டுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அந்தக் கூட்டத்துக்கு எதிராகக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். பைபிளம்மாதான். அன்றைக்கு எங்கள் தெரு முறை. ஒவ்வொரு வீடாகப் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் ஆள் இருக்கக் கண்டு உள்ளே வந்து பாயை விரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ராஜாக்கள் அடித்துக்கொள்வதற்கு நாம் ஏன் ஓட வேண்டும் என்று கேட்டார். பிறகு வாசித்தார்.

ஓடிப்போனவர்கள் ஒரு வாரத்தில் திரும்பினார்கள். திரும்பியவர்கள் கண்ணில் கரியெழுத்துப் பட்டது. கப்பல்காரனுக்கு இருட்டில் எண்ணெய்க் கிடங்கு எப்படித் தெரிந்தது என்று ஊர் முழுக்க ஒரே கேள்வியாக இருந்த நேரம். கிடங்கு மதிலில் "தா 5". எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு "தா". இது ஜெர்மன்காரனுக்குப் போட்ட குறி என்று யார் முதலில் சொன்னார்களோ, பொழுது சாய்வதற்குள் ராயபுரம் முழுக்க அதை நம்பிவிட்டது. பைபிளம்மா கவர்னரைப் பார்த்து எண்ணியாச்சு என்று சொன்னது வேறு நிறையப் பேருக்கு ஞாபகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து, ஈரத்துணியால் எங்கள் வீட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவினார்.

பைபிளம்மாவைப் போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். சபையின் ஐயரும், பைபிளம்மாவின் மகன் ஆமோசும் கூடப் போனார்கள். அங்கே நடந்ததை ஆமோசு பிறகு எங்கள் வீட்டில் வந்து சொன்னான். இந்த "தா 5" என்றால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டாராம். பைபிளம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து, ஐந்தாம் அதிகாரத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டாராம். சண்டை நடக்கிற காலத்தில், ராஜாவின் போலீசுக்கு எதிரே, ஒரு ராஜாவின் நாட்கள் முடிந்துவிட்டன என்ற கதை. ஐயருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் வருகிற ராஜா நம்முடைய ராஜாவா என்று கேட்டிருக்கிறார்.

"எந்த ராஜாவா இருந்தா இன்னா, நைனா? மேலருந்து பாக்குறவருக்கு எல்லா ராஜாவும் ஒண்ணுதான். அவரு குடுக்குறாரு, அவரே புடுங்கிக்கிறாரு" என்றாராம் பைபிளம்மா.

ஐயர் நல்லவர். இந்த அம்மாளுக்கு நான் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்து அழைத்துக்கொண்டு வந்தார். இனிமேல் சுவரில் எழுதக்கூடாது என்று மட்டும் உத்தரவு. பைபிளம்மாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வருத்தமெல்லாம் ஆமோசுக்குத்தான்.

ஆமோசைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாத ஒரே பிள்ளை. ரயில்வேயில் தண்டவாளம் போடுகிற கேங்கில் வேலை. தாவீது, சாலமோன் என்று ராஜா பெயராக வைக்கச் சொல்லி உறவுக்காரர்கள் கேட்டும், என் பிள்ளைக்கு ராஜா பெயர் வேண்டாம் என்று ஆடு மேய்த்த ஒரு தீர்க்கதரிசியின் பெயரை வைத்தவர் பைபிளம்மா. அம்மாவுக்கு நேர்மாறு பையன். அதிர்ந்து பேச மாட்டான். கேங்கில் அவனை "ஜெர்மன்காரி புள்ள" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். விளையாட்டாகத்தான் கூப்பிட்டார்கள் என்று அவனோடு வேலை செய்த தண்டையார்பேட்டை காதர் சொன்னான். ஆனால் ஆமோசு சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டானாம்.

அப்போதுதான் கடல் தாண்டி அரபு தேசத்துப் பஸ்ரா பக்கம் சண்டைக்காக ரயில் பாதை போடுவதற்கு ஆள் எடுத்தார்கள். முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் ஆமோசு. இரண்டாவது காதர். விஷயம் பைபிளம்மாவுக்குத் தெரிந்தபோது அவன் போட்டுக்கொள்ளக் காக்கிச் சட்டையே வந்துவிட்டது. எங்கள் வீட்டு வாசலில்தான் அந்தப் பேச்சு நடந்தது. எந்த ராஜாவுக்காக நீ போகிறாய் என்று அவர் கேட்டார்.

"ராஜாவுக்கு இல்லம்மா. உன் பேர்ல கீற கறைய தொடைக்கத்தான் போறேன். ராஜா வேலைக்குப் போனவன் அம்மாவ எவனும் ஜெர்மன்காரின்னு சொல்ல மாட்டான்ல" என்றான்.

பைபிளம்மா குடையை விரித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போகாமல், நேரே தன் வீட்டுக்குத் திரும்பினார்.

அதன் பிறகும் வீடு வீடாகப் போய்க்கொண்டுதான் இருந்தார். கரித்துண்டு இல்லாததால் எங்கே விட்டோம் என்று எங்களையே கேட்பார். எண்ணியாச்சு என்பது குறைந்துவிட்டது. கப்பல் சங்கு ஊதினால் பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு, அது அடங்கும் வரை புத்தகத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்று வருஷம் கழித்துக் காதர் வந்தான். காய்ச்சலில் உருக்குலைந்து, உடம்பு தேற்றிக்கொள்ள அனுப்பியிருந்தார்கள். ஆமோசு சௌக்கியம் என்று சொல்ல எங்கள் வீட்டுக்குத் தேடிக்கொண்டு வந்தான். பைபிளம்மா அப்போது என்னிடம்தான் இருந்தார். எங்கே இருக்கிறான் என்று கேட்டதற்கு, காதர் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"உங்க ஊர்லதான் கீறான். அதான், புக்குல நீங்க படிப்பீங்களே, பாபிலோனு. அங்கதான் லைன் போட்டுகினு கீறோம். ரயிலு நிக்கிற எடத்துல அந்தப் பேரு எழுதி பலகையே நட்டுக்கீது."

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பாபிலோன் என்பது ஒரு கதை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே ரயில் நிற்கும் என்றோ, எங்கள் தெருப் பையன் அங்கே கடப்பாரை பிடிப்பான் என்றோ யார் நினைத்தது. பைபிளம்மாவுக்கு வேறு விதமான அதிர்ச்சி. பொய் என்றார். அங்கே மனுஷன் இருக்க முடியாது என்றார். வெயில்காலம் பூராவும் நான் அங்கேதான் டேரா போட்டுக்கொண்டு கிடந்தேன் என்று காதர் சத்தியம் பண்ணினான். பைபிளம்மா புத்தகத்தைப் புரட்டி ஏசாயா தீர்க்கதரிசியை எடுத்தார். பாபிலோன் அழிந்த பிறகு தலைமுறை தலைமுறையாக அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள், அரபிக்காரன்கூடக் கூடாரம் போட மாட்டான், நரியும் ஆந்தையும்தான் அங்கே தங்கும் என்று அதில் இருந்தது. காதர் கேட்டுவிட்டு, நரி இருப்பது வாஸ்தவம்தான் என்றான். பிறகு ஏன் சொன்னோம் என்பது போல என்னைப் பார்த்தான்.

பைபிளம்மா அன்றைக்கு மேலே வாசிக்காமல் எழுந்து போனார். மறுநாள் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பிள்ளை திரும்பி வந்துவிடுவான் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அங்கே யாரும் தங்கமாட்டார்கள் என்றுதானே எழுதியிருக்கிறது, அப்படியென்றால் ஆமோசும் தங்கமாட்டான் என்றார். ஒரு ராஜ்யத்தைப் பற்றி எந்தக் காலத்திலோ சொன்ன வாக்கை எடுத்து, பிள்ளைக்கு இடுப்பில் கட்டுகிற தாயத்துப் போலக் கட்டிவிட்டாரே என்றிருந்தது. ஐயர் காதுக்கும் இது போயிற்று. அது அந்த ராஜ்யத்துக்குச் சொன்னது, உங்கள் மகனுக்குச் சொன்னதல்ல, அப்படிப் பிடித்துத் தொங்காதீர்கள் என்று பைபிளம்மா வீட்டுக்கே போய்ப் பதமாக எடுத்துச் சொல்லிப் பார்த்தார்.

"ராஜ்யத்தயே தூக்கி எறியிறவருக்கு, அதுக்குள்ளருந்து என் புள்ள ஒருத்தன தூக்கிகினு வரத் தெரியாதா, ஐயரே?" என்று கேட்டுவிட்டார்.

காதர் உடம்பு தேறிக் கப்பலேறிப் போனான். பைபிளம்மா எண்ணூரில் ஆமோசுக்குப் பெண் பார்த்தார். பெண் வீட்டில், பையன் வரட்டும் பேசலாம் என்றார்களாம். வருவான் என்று சொல்லிவிட்டு நிச்சயத்துக்குப் புடவை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். நீலப் புடவை. நான் நன்றாயிருக்கிறது என்றேன். எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளை வராவிட்டால் இந்த மனுஷிக்குப் பிள்ளை மட்டும் போகாது, எல்லாமே போய்விடும் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் என் முருகனிடம் அந்தப் பையனுக்காக வேண்டிக்கொண்டேன். என் முருகன் ராஜாக்களோடு மல்லுக்கு நிற்கிறவரல்ல, ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

சண்டை முடிந்தது. வெற்றி என்று பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுத்தார்கள். துறைமுகத்தில் கப்பல்களெல்லாம் சேர்ந்து சங்கு ஊதின. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் பைபிளம்மா என் எதிரே வாசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. காதர் ஒரு கோணிப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பைபிளம்மா அவனுக்குப் பின்னால் தெருவைத்தான் பார்த்தார், இன்னொருவன் வருகிறானா என்று.

காதர் உட்கார்ந்து கோணியை அவிழ்த்தான். உள்ளே ஒரு செங்கல். நம் ஊர்ச் செங்கல் போல இல்லை. சதுரமாக, தட்டையாக, நல்ல கனம். அதன் முகத்தில் ஆணியால் குத்தியது போல வரிவரியாக ஏதோ முத்திரை. ஆமோசு அம்மாவுக்கென்று எடுத்து வைத்திருந்தது என்றான். இது அந்தப் பாபிலோன் ராஜாவின் பெயர், தான் கட்டிய ஊரில் செங்கலுக்குச் செங்கல் தன் பெயரைக் குத்தி வைத்திருக்கிறான் என்று பழைய எழுத்துத் தெரிந்த ஒரு துரை சொன்னாராம். அம்மா பார்த்தால் சிரிக்கும் என்று ஆமோசு பத்திரப்படுத்தியிருக்கிறான். பிறகு அவனுக்கு வாந்திபேதி கண்டு ஒரே பகலில் முடிந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுக் காதர் அழுதான்.

"எங்க வெச்சிங்க?" என்று கேட்டார் பைபிளம்மா.

"அங்கியேதாம்மா. பாபிலோன்லயே. நாங்களே தூக்கிகினு போயி, ஆத்தோரமா நல்ல எடமா பாத்து, உங்க வழக்கப்படி சிலுவை நட்டு மரியாதையாத்தான் வெச்சோம்" என்றான். ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னான்.

"அங்கியேவா தங்கிட்டான்?"

காதர் விழித்தான். பைபிளம்மா அழுவார் என்று நான் காத்திருந்தேன். அழவில்லை. புத்தகத்தை மூடிப் பைக்குள் போட்டார். செங்கலைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். குடையை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வரவில்லை. ஐயர் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். ஒரு நாள் குடையைக் கொடுக்கிற சாக்கில் நான் போனேன். தரையில் அவருடைய வேதப் புத்தகம் கிடந்தது. அதன் மேல் அந்தச் செங்கல். முத்திரை மேலே பார்க்க, அட்டை நசுங்கும்படி வைத்திருந்தார். எதிரே அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் இந்துதான். ஆனால் அந்தப் புத்தகத்தை அவர் எவ்வளவு பதனமாகத் துணி சுற்றி எடுப்பார் என்று எனக்குத் தெரியும். குனிந்து செங்கலை எடுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"இருக்கட்டும். அவன்தான் ஜெயிச்சான், தங்கச்சி. என் புள்ளய வெச்சிகினான்."

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. காதர் மேல்தான் அது விழுந்தது. அன்றைக்கே ஆள் அனுப்பி அவனை வரவழைத்தேன். செத்தான், புதைத்தோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாயே, அந்தம்மா சாகக் கிடக்கிறதே, அவன் கடைசியாக ஏதாவது பேசியிருப்பானே, ஒரு வார்த்தையாவது இருந்தால் வந்து சொல்லித் தொலையேன் என்று திட்டினேன். பேச்சு ஒன்றும் இல்லை, பேசுகிற நிலையில் இல்லை என்றான். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வேறு ஒன்று இருக்கிறது, அதைப் பெற்றவளிடம் சொல்லக்கூடாது என்று மறைத்துவிட்டேன் என்றான். என்னவென்று கேட்டேன். சொன்னான். ராயபுரத்தில் வேறு எந்தத் தாயிடமும் அதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்திருக்காது. இந்தத் தாயிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு போனேன்.

பைபிளம்மா அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். காதர் நிலைப்படியிலேயே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மன்னிச்சிக்கம்மா. நான் பூராவும் சொல்லல. நான் கெளம்புறதுக்கு முன்னாடி ஆத்துல வெள்ளம் வந்து கரைய ஒடச்சிகினு பூட்ச்சு. நாங்க வெச்ச எடமே இல்ல. சிலுவை, குழி, ஒண்ணியும் இல்ல. டேரா போட்டிருந்த எடம் பூரா தண்ணி. எங்கள அங்கருந்து கெளப்பி வேற எடத்துக்கு இட்டுகினு பூட்டாங்க. போயி ஒரு பிடி மண்ணு போடக்கூட இப்போ ஆமோசுக்கு எடம் இல்லம்மா."

பைபிளம்மா நிமிர்ந்தார்.

"அங்க யாருமே இல்லியா இப்போ?"

"யாரும் இல்லம்மா."

"என் புள்ளயும் இல்லியா?"

"இல்லம்மா."

அவர் மெல்லக் கையை நீட்டிச் செங்கலைப் புத்தகத்தின் மேலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். புத்தகத்தை எடுத்து முந்தானையால் துடைத்தார். நசுங்கிய அட்டையைத் தடவித் தடவி நிமிர்த்தினார். "தங்க வுடல. அவரு என் புள்ளய அங்க தங்க வுடல" என்றார். அப்புறம்தான் அழுதார். மகன் செத்த சேதி வந்து எத்தனையோ நாளுக்குப் பிறகு, மகனுக்குக் கல்லறையும் இல்லை என்ற சேதி கேட்டு, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே அழுதார். காதர் பயந்துபோய் என் பின்னால் ஒதுங்கினான். இப்படியும் ஒரு பெற்றவளா, இப்படியும் ஒரு சாமியா என்று அன்று இரண்டு பேர் மேலும் எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து என் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுதேன்.

மறு வாரம் பைபிளம்மா குடையும் பையுமாக வந்து நின்றார். எங்கே விட்டோம் என்று கேட்டார். நானே மறந்துவிட்டேன் என்றேன். சரி, முதலிலிருந்து வாசிப்போம் என்று பாயை விரித்தார். போகும்போது பையிலிருந்து கரித்துண்டை எடுத்துச் சுவரில் "தா 1" என்று எழுதினார். சண்டைதான் முடிந்துவிட்டதே என்றார். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை அதை அழிக்கவில்லை.

செங்கலைத் தெருக்குழாயடியில் கொண்டுபோய்ப் போட்டார். அங்கே எப்போதும் சேறு, குடம் வைத்தால் சாயும். அதன் மேல் வைத்தால் நிற்கும். தெருப் பெண்கள் அத்தனை பேரும் அந்த ராஜாவின் பெயர் மேல் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தோம். நான் குடத்தை வைக்கும்போது பைபிளம்மா அந்தப் பக்கம் போனால் "எண்ணியாச்சு" என்பார். பழைய குரல் திரும்பியிருந்தது. எண்ணூர்ப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனபோது அந்த நீலப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். இந்த மனுஷிக்கு நெஞ்சு கல்தான் என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், பல வருஷம்.

ராஜாவுக்கு வெள்ளி விழா என்று தெருவெல்லாம் தோரணம் கட்டிய வருஷம் அவர் படுத்துவிட்டார். நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது வெளியே பாண்டு வாத்தியம் போய்க்கொண்டிருந்தது. "எண்ணியாச்சு" என்று முணுமுணுத்தார். ராஜாவையா என்று கேட்டேன். இல்லை என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். இத்தனை வருஷம் ஊழியம் செய்தவருக்குக் காசிமேட்டுக் கல்லறையில் பெயர் வெட்டிய கல் வைக்கவேண்டும் என்று சபையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அது அவர் காதுக்கும் வந்திருந்தது. "எனக்குக் கல்லு வேணாம்னு ஐயராண்ட சொல்லிடு, தங்கச்சி" என்றார்.

அந்தச் செங்கல் ராஜாதான் எனக்கு ஞாபகம் வந்தான். கல்லில் பெயர் போட்டுக்கொள்வதெல்லாம் ராஜாக்கள் பண்ணுகிற பெருமை, அதனால் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். வாத்தியச் சத்தம் தூரமாகப் போயிற்று.

"ஆமோசுக்கு இல்லியே" என்றார்.

நான் போய் ஐயரிடம் சொன்னேன். கல் வைக்கவில்லை.